பாரிஸ் பக்கத்துல ஆத்தோர ஓவியர் கிராமம்: ஜிவெர்னியா, மொரேயா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் நடுவுல ஆபீஸ் வேலையா பாரிஸ் போறேன், வேலை முடிஞ்சப்புறம் ரெண்டு நாள் என் கையில இருக்கு. ஈபிள் டவர் எல்லாம் சாயங்காலத்துல பாத்துக்கலாம், ஆனா ஒரு முழு நாள் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியருங்க (வெளிய உக்காந்து மாறற வெளிச்சத்த வரைஞ்ச 19ம் நூற்றாண்டு ஆளுங்க) வாழ்ந்து வரைஞ்ச ஆத்தோர கிராமம் எதுலயாவது இருக்கணும்னு ரொம்ப வருஷ ஆசை. எங்க அப்பா ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த ஓவியருங்கள்ல ஒருத்தரான மோனேவோட அல்லிக்குளம் படம் ஒரு காலண்டர்ல வந்துச்சு, வருஷம் முடிஞ்சதும் தேதித்தாள் இருந்த பகுதிய வெட்டிட்டு படத்த மட்டும் பிரேம் போட்டு ஹால்ல மாட்டிட்டார், இன்னும் அங்கதான் தொங்குது. அதைப் பாத்தே வளந்தவன் நான். அதனால மோனே வாழ்ந்த ஜிவெர்னின்னு முடிவு பண்ணி வச்சிருக்கேன், போனவங்க இருந்தா எப்படி போகணும், என்ன பாக்கணும், எவ்வளவு நேரம் வேணும்னு சொல்லுங்க.

தூரிகை:
தம்பி, தாராளமா போங்க. நான் மூணு தடவ போயிருக்கேன். சான் லசார் ஸ்டேஷன்ல ஏறி வெர்னான்ல இறங்கணும், முக்கால் மணி நேரத்துக்கு கொஞ்சம் கூட ஆகும், அங்கேர்ந்து ஒரு அஞ்சு கிலோமீட்டர், ஷட்டில் பஸ் இருக்கு, சைக்கிளும் வாடகைக்கு எடுக்கலாம். மோனே வீட்டுத் தோட்டம் ஏப்ரல் 1லேர்ந்து நவம்பர் 1 வரைக்கும்தான் திறந்திருக்கும். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், அல்லிப்பூவ மனசுல வச்சுக்கிட்டு ஏப்ரல்ல போனா ஏமாந்துடுவீங்க, அது பூக்கறது ஜூனுக்கு மேலதான். ஏப்ரல்ல டூலிப் இருக்கும், குளமும் வில்லோ மரமும் அந்த ஜப்பான் மாடல் பாலமும் எப்பவும் இருக்கும்.

மோனே அங்க வந்தது 1883ல, அப்ப கையில காசு இல்ல, வாடகை வீடு, கூட அலீஸ் ஓஷெடே, ரெண்டு பேர் பக்கமும் சேத்து எட்டு புள்ளைங்க. 1890லதான் வீட்ட சொந்தமா வாங்க முடிஞ்சுது. ஊரு சேன் ஆத்தங்கரையில, எப்த்னு ஒரு சின்ன ஆறு அங்க வந்து சேனோட கலக்குது. அந்த எப்த் கரையில நின்ன பாப்லர் மரவரிசைய 1891ல அவர் வரைஞ்சுக்கிட்டு இருக்கும்போது பக்கத்து ஊரு நிர்வாகம் மரத்த எல்லாம் ஏலம் விட முடிவு பண்ணிடுச்சு, இவர் போய் மரவியாபாரி ஒருத்தர்கிட்ட பேசி, நீ ஏலம் எடு, கூட ஆகற காச நான் தரேன், நான் வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் மட்டும் வெட்டாதன்னு ஏற்பாடு பண்ணிட்டார். படகையே ஸ்டுடியோவா மாத்தி அதுல வரிசையா கேன்வாஸ நிக்க வச்சிருப்பாராம், வெளிச்சம் மாற மாற ஒண்ண வச்சுட்டு இன்னொண்ண எடுப்பாராம். பக்கத்துலயே பல கோடைகாலம் தங்கியிருந்த லில்லா கபட் பெரின்னு ஒரு அமெரிக்க ஓவியர் எழுதி வச்சிருக்காங்க, அதுல ஒரு பாப்லர் படத்துக்கு அவருக்கு கெடைச்ச நேரம் ஏழே நிமிஷம், ஒரு குறிப்பிட்ட இலை மேலேர்ந்து வெயில் விலகற வரைக்கும்தான், அப்புறம் அடுத்த கேன்வாஸ். இத படிச்சுட்டு அந்த ஆத்தோரம் நடந்து பாருங்க, இலையெல்லாம் வேற மாதிரி தெரியும்.

பாரிஸ்காரன்:
வணக்கம் தம்பி. நான் இஞ்ச வந்து இருபது வருசத்துக்கு மேல. ஜிவெர்னி வடிவுதான், மறுக்கேல்ல. ஆனா உங்களிட்ட ஒரு நாள்தான் இருக்கெண்டா, நீங்கள் கேட்டது "வாழ்ந்து வரைஞ்ச ஆத்தோர கிராமம்" எண்டா, மொரே-சூர்-லுவானுக்கு போங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். கார் து லியோன் ஸ்டேசன்ல ரெயின் எடுத்தா ஒரு மணித்தியாலத்துக்குள்ள, பாரிசிலயிருந்து தெற்கா 75 கிலோமீட்டர் அளவில. ஸ்டேசன்ல இறங்கி இருபது இருபத்தஞ்சு நிமிசம் நடந்தா பழைய கோட்டை வாசல் வரும், அதுக்குள்ளால போனா மற்றப் பக்கம் இன்னொரு வாசல், அதத் தாண்டினா உடன பாலம், பாலத்துக்குக் கீழ லுவான் ஆறு. டிக்கெட் இல்லை, வரிசை இல்லை. அங்க வாழ்ந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் சிஸ்லே வரைஞ்ச இடங்களில அந்தந்த படத்த பலகையில போட்டு நிப்பாட்டி வச்சிருக்கினம், படத்தையும் ஆத்தையும் ஒரே பார்வையில பாக்கலாம்.

அல்ஃப்ரெட் சிஸ்லே 1880ல அந்தப் பக்கம் குடிவந்தவர், வெனு-நடோனில முதல், பிறகு மொரே, பிறகு லெ சாப்லோன், 1889ல திரும்ப மொரே, அங்கயே 1899 ஜனவரி 29ம் திகதி கண்ண மூடினவர். பத்தொன்பது வருசம் அந்த ஒரு ஆத்தையும் அது சேனோட கலக்கிற சான் மாமெஸையும் விட்டு பெரிசா எங்கயும் போகேல்ல. பாலம், மாவரைக்கிற மில், பாப்லர் மரம், வள்ளம், சேர்ச். அவ்வளவுதான் அவற்ற உலகம்.

மழைமேகம்:
பாரிஸ்காரன் அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, முதல் தடவ போற ஒருத்தர ஜிவெர்னிய விட்டுட்டு மொரே போகச் சொல்றது நியாயமா? சிஸ்லே நல்ல ஓவியர்தான், ஆனா எனக்கு எப்பவுமே அவரப் பாத்தா மோனேவோட மெதுவான பதிப்பு மாதிரிதான் தெரியும். மோனே வைக்கோல் போர், பாப்லர், ருவான் ஊரு கதீட்ரல், அல்லின்னு போய்க்கிட்டே இருந்தார், கடைசியில தண்ணிய மட்டும் வரைஞ்சு ஓவியத்தோட போக்கையே மாத்திட்டார். சிஸ்லே 1874ல நடந்த இம்ப்ரெஷனிஸ்ட்டுங்க முதல் கண்காட்சியில எப்படி இருந்தாரோ கிட்டத்தட்ட அப்படியேதான் கடைசி வரைக்கும். மொரே சர்ச்ச 1893-94ல பதினாலு தடவ வரைஞ்சிருக்கார்னு சொல்லுவாங்க, அது மோனே ருவான் கதீட்ரல வரைஞ்சுக்கிட்டு இருந்த அதே சமயம்தானே.

பாரிஸ்காரன்:
கோவம் ஒண்டும் இல்லை தங்கச்சி, நல்ல கேள்வி. ஆனா ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ. மோனேன்ர கதீட்ரலில ஊர் இல்லை. முகப்பு மட்டும்தான், கல்லு வெளிச்சத்தில கரைஞ்சு போகுது. சிஸ்லேன்ர சேர்ச் ஒரு மூலையிலயிருந்து தெரியும், பக்கத்தில தெரு ஓடும், வீட்டுக் கூரை வரும், சின்னனா சனம் நடக்கும். கல்லு கல்லாவே இருக்கும், மழை பெஞ்சா நனைஞ்ச கல்லு, பின்னேரம் எண்டா மஞ்சள் ஏறின கல்லு. அவர் அந்தத் தெருவில குடியிருந்த ஆள், சேர்ச்சுக்குப் பக்கத்து வீடு. ஒவ்வொரு நாளும் பாண் வாங்கப் போற வழியில பாத்த சுவர் அது. அந்தச் சேர்ச் படங்களில பின்னேரப் படம் ஒண்டு பாரிஸ் பெத்தி பலே மியூசியத்தில இருக்கு, அங்க நிரந்தரமா வச்சிருக்கிற படங்களப் பாக்க காசு இல்லை, தம்பி கட்டாயம் பாருங்கோ.

இன்னொண்டு. மோனே ஜிவெர்னிக்குப் போறதுக்கு முன்னமே, 1881 ஆவணியில, சிஸ்லே அவருக்கு ஒரு கடிதம் எழுதினவர். மொரே பாரிசிலயிருந்து ரெண்டு மணித்தியாலம், 600லயிருந்து 1000 பிராங்குக்கு வாடகை வீடு கிடைக்குது, கிழமைக்கு ஒருக்கா சந்தை, வடிவான சேர்ச், வரையிறதுக்கு நல்ல இடங்கள், வீடு மாத்துற யோசனை இருந்தா ஒருக்கா வந்து பாரன் எண்டு. மோனே வரேல்ல. ரெண்டு வருசத்தால ஜிவெர்னி. வந்திருந்தா எப்பிடி இருந்திருக்கும் எண்டு நான் அந்தப் பாலத்தில நிண்டு யோசிக்காத நாள் இல்லை.

கல்மண்டபம்:
இந்த லெட்டர் விஷயம் எனக்கு புதுசு, நன்றி. இவங்கல்லாம் ஏன் ஆத்தோரம் ஆத்தோரமாவே போய் உக்காந்தாங்கன்னு ஒரு ரெண்டு வார்த்தை. அழகு மட்டும் காரணம் இல்லங்க. 1841ல ஜான் ராண்ட்னு ஒரு அமெரிக்க ஓவியர் பெயிண்ட தகர டியூப்ல அடைக்கறதுக்கு பேடண்ட் வாங்கினார், அதுக்கு முன்னாடி பன்னியோட மூத்திரப்பையில கலர கட்டி வச்சு ஊசியால குத்தி பிதுக்கணும், வெளிய எடுத்துட்டு போனா காஞ்சுடும், கிழிஞ்சுடும். டியூப் வந்தப்புறம்தான் பொட்டிய தூக்கிட்டு வயக்காட்டுல நிக்க முடிஞ்சுது. ரயிலும் அதே காலத்துல வந்துச்சு, சேன் ஓரம் இருந்த அர்ஜான்தய் ஊருக்கு 1851லயே லைன் போட்டாச்சு, பாரிஸ்லேர்ந்து கால் மணி நேரம், மோனே 1870கள்ல அங்கதான் குடியிருந்தார், அவரோட ஓவிய நண்பர் ரெனுவாரும் சிஸ்லேயும் வந்து வந்து கூட உக்காந்து வரைஞ்சாங்க. பாரிஸ்ல வாடகை கட்ட முடியாது, ரயில் இருக்கறதால படம் விக்க பாரிஸுக்கு ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாம். அந்த ஊருல ஃபேக்டரி பெருக பெருக இவங்க ஆத்தோரமாவே தள்ளி தள்ளி போனாங்க. வேதூய், ஜிவெர்னி, மொரே எல்லாம் அப்படி வந்ததுதான்.

ஜிவெர்னி பத்தி பேசும்போது ஒரு விஷயத்த யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. 1893ல மோனே ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கி, எப்த்லேர்ந்து பிரியற கிளை வாய்க்கால திருப்பி குளம் வெட்ட பெர்மிஷன் கேட்டப்ப ஊர்க்காரங்க எதுத்தாங்க. எங்கேர்ந்தோ கொண்டுவர்ற செடி தண்ணிய கெடுத்துடும், மாடு குடிக்கற தண்ணி, துணி துவைக்கற தண்ணின்னு. கடைசியில மாவட்ட அதிகாரிகிட்ட எழுதி வாங்கிட்டார். வாய்க்கால் பாசனத்துல வளந்த எனக்கு அந்த ஊர்க்காரங்க பயம் நல்லா புரியுது, மேல்மடைக்காரன் தண்ணிய திருப்பறான்னா கீழ்மடைக்காரன் கேள்வி கேக்கத்தான் செய்வான், அவன் செடியோட தாவரவியல் பேரு தெரியாதவனா இருக்கலாம், தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தெரியும் இல்ல. உலகமே அந்த குளத்த கொண்டாடுது, நானும் கொண்டாடறேன், ஆனா அந்த குளத்துக்குள்ள ஒரு ஊரோட வாய்க்கால் ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டு பாருங்க.

தூரிகை:
கல்மண்டபம் சார் சொல்றது உண்மை. ஆனா மோனே அந்த தண்ணிய வச்சு என்ன பண்ணார்னும் பாக்கணும். முப்பது வருஷத்துக்கு மேல அதே குளம். தினமும் காலைல தோட்டக்காரர் ஒருத்தர் படகுல போய் அல்லி இலை மேல இருக்கற தூசிய கழுவி, காஞ்ச இலைய எடுத்து வைப்பாராம், அப்புறம்தான் இவர் வந்து நிப்பார். கண்ணுல புரை விழுந்து கலரெல்லாம் பழுப்பும் சிவப்புமா மாறினப்பவும் வரைஞ்சார், 1923ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு திரும்ப வந்து அதே படங்கள திருத்தினார். 1926 டிசம்பர்ல இறந்தார், அடுத்த வருஷம்தான் பாரிஸ் ஒராஞ்சரி மியூசியத்துல அந்த பெரிய அல்லி படங்கள மக்கள் பாக்க திறந்தாங்க. ஒருத்தர் ஒரு குளத்துக்கு இவ்வளவு வருஷம் கொடுத்திருக்கார்ங்கறது எனக்கு சாதாரணமா படல.

மோனே மட்டும் இல்ல தம்பி, 1887லேர்ந்து அமெரிக்க ஓவியருங்க கூட்டமா ஜிவெர்னிக்கு வந்துட்டாங்க, தியடோர் ராபின்சன், மெட்காஃப், பிரெக்னு, எல்லாரும் ஓட்டல் போதியிலதான் தங்குவாங்க, அவங்களுக்காக ஓட்டல்லயே கேன்வாஸும் கலரும் விக்க ஆரம்பிச்சுட்டாங்க. அந்த கட்டடம் இன்னும் இருக்கு, சாப்பாடும் கிடைக்கும். மோனே தோட்டத்த பாத்துட்டு எல்லாரும் பஸ் ஏறிடறாங்க, நீங்க அந்த ஒரே தெருவ முழுசா நடந்து சர்ச் வரைக்கும் போங்க, மோனே சமாதி அங்கதான்.

மழைமேகம்:
பாரிஸ்காரன் அண்ணா, நீங்க சொன்னதுக்கப்புறம் நேத்து ராத்திரி ரொம்ப நேரம் சிஸ்லே படங்களா தேடி பாத்துக்கிட்டு இருந்தேன். போர்-மர்லிங்கற ஊரு வெள்ளத்த 1876ல வரைஞ்ச படம் ஒண்ணு. சேன் ஊருக்குள்ள வந்துடுச்சு, ஒயின் கடைக்காரர் வீட்ட சுத்தி தண்ணி, கதவு வரைக்கும் படகு வருது. நான் சென்னையில 2015 வெள்ளத்துல மாட்டினவ, எங்க தெருவுலயும் படகு வந்துச்சு, அதனால இந்த படத்த பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா அதுல ஓலம் எதுவும் இல்ல. மழ விட்ட மறுநாள் ஒரு அமைதி வருமே, தண்ணி அசையாம நிக்கும், வானம் தெருவுல கிடக்கும், அதை இவர் பிடிச்சிருக்கார். எனக்கு அந்த அமைதி நல்லா ஞாபகம் இருக்கு, வேற எந்த படத்துலயும் அதை பாத்ததில்ல. "மெதுவான பதிப்பு"ன்னு நான் சொன்னத திரும்ப எடுத்துக்கறேன்.

பாரிஸ்காரன்:
தங்கச்சி, அந்தப் படத்த சிஸ்லே வித்தது 180 பிராங்குக்கு. அவர் செத்து ஒரு வருசத்தில, 1900ல ஏலத்தில அது போனது 43,000 பிராங்குக்கு. இப்ப ஆர்சே மியூசியத்தில இருக்கு. அவற்ற தகப்பன் பட்டு வியாபாரம் செய்த ஆங்கிலேயர், வசதியான குடும்பம், 1870 பிரான்ஸ்-பிரஷ்யா யுத்தத்தில எல்லாம் போயிட்டுது. அதுக்குப் பிறகு படம் வித்த காசிலதான் சீவியம். வாடகை குறைஞ்ச இடமாத் தேடித் தேடித்தான் மொரேக்கு வந்தது.

வானத்தப் பற்றி நீங்கள் சொன்னது சரி. தவெர்னியே எண்ட தன்ர சினேகிதருக்கு எழுதின கடிதத்தில சிஸ்லே அதத்தான் சொல்லுறார், வானத்த வெறும் பின்னணியா வைக்கேலாது, தான் எப்பவும் வானத்திலதான் துவங்கிறது எண்டு. மொரேயில பாலத்தில நிண்டா அது விளங்கும், ஆறு அகலம் இல்லை, ஆனா வானம் பெரிசு, வந்து தண்ணிக்குள்ள இறங்கும்.

எனக்கு அவரில இருக்கிற பாசத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அதையும் சொல்லிப்போடுறன். அவர் பிறந்தது பாரிசில, 1839ல. வாழ்ந்தது பெரும்பாலும் பிரான்ஸ், வரைஞ்சது பெரும்பாலும் பிரான்ஸ் ஆறு. ஆனா தாய் தகப்பன் ஆங்கிலேயர் எண்டதால பேப்பரில அவர் வெளிநாட்டுக்காரர். 1898ல பிரெஞ்சு பிரசாவுரிமை கேட்டார், குடுக்கேல்ல. திரும்ப கேட்டார், அதுக்குள்ள தொண்டையில புற்றுநோய் முத்திப்போச்சு. வெளிநாட்டுக்காரராவே செத்துப்போனார். நான் பேப்பருக்கு எத்தின வருசம் விடிய நாலு மணிக்கு வரிசையில நிண்டனான் எண்டு எனக்குத்தான் தெரியும். எனக்குக் கிடைச்சுது. அவருக்குக் கிடைக்கேல்ல. மொரே சவக்காலையில அவற்ற கல்லறைக்கு முன்னால நிண்டு இத நான் நினைச்சனான்.

கல்மண்டபம்:
அண்ணா இத படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணல. மோனேவும் சிஸ்லேவும் பத்தி நாம போட்டியா பேசிக்கிட்டு இருக்கோம், ஆனா முடிவுல என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு இருக்கு. சிஸ்லேவோட மனைவி எஜெனி 1898 அக்டோபர்ல போய்ட்டாங்க, முப்பது வருஷத்துக்கு மேல ஒண்ணா இருந்தவங்க, அதுக்கு முந்தின வருஷம்தான் கார்டிஃப்ல வச்சு சட்டப்படி கல்யாணம் பண்ணியிருந்தாங்க. ஜனவரில சிஸ்லே மோனேவ வரச் சொல்லி ஆள் விட்டார், மோனே ஜிவெர்னிலேர்ந்து மொரேக்கு வந்தார், என் புள்ளைங்கள பாத்துக்கோன்னு சிஸ்லே அவர்கிட்ட கேட்டார். அடக்கத்துக்கு மோனேவும் ரெனுவாரும் வந்திருந்தாங்க. அதுக்கப்புறம் மோனே சும்மா இருக்கல, மத்த ஓவியர்கள்கிட்ட எல்லாம் படம் கேட்டு வாங்கி, சிஸ்லே வீட்ல இருந்த படத்தோட சேத்து 1899 மே 1ல பாரிஸ்ல ஏலம் வச்சார், பணம் அந்த புள்ளைங்களுக்கு போச்சு. அந்த 1881 லெட்டருக்கு மோனே மொரேக்கு குடிவரல, ஆனா கூப்பிட்டப்ப வந்தார்.

வைகைக்கரை:
இவ்வளவு கிடைக்கும்னு நான் நினைக்கவே இல்ல. அப்பாவுக்கு ஃபோன்ல முழு இழையையும் படிச்சு காட்டினேன். டியூப் பெயிண்ட் கதைக்கு அப்புறம் அவரோட பழைய கேம்லின் பொட்டிய எடுத்துட்டு வரச் சொல்லி அம்மாகிட்ட கேட்டிருக்கார். ரெண்டு நாளையும் பிரிச்சுட்டேன், முதல் நாள் மொரே, ரெண்டாவது நாள் காலைல பெத்தி பலே, ஆர்சே. ஜிவெர்னி அல்லி பூக்கற சமயம் அப்பாவ கூட்டிட்டு ஒரு தடவ வரணும்னு வச்சிருக்கேன். போய்ட்டு வந்து எழுதறேன்.

வைகைக்கரை:
வந்துட்டேன், நேத்து ராத்திரி ஊர் வந்து சேந்தேன், தூக்கம் கலைஞ்சதும் எழுதறேன்.

மொரேக்கு பத்தரைக்கு போய் சேந்தேன். காலைல மழை தூறல், கோட்டை வாசல் கல்லு எல்லாம் கருத்து இருந்துச்சு, சர்ச் முன்னாடி போய் நிக்கும்போது தூறல் விட்டுடுச்சு, மேல் பாதி மட்டும் வெயில் பட்டு கீழ் பாதி இன்னும் ஈரமா, பாரிஸ்காரன் அண்ணா சொன்ன "நனைஞ்ச கல்லு" என்னன்னு அங்க புரிஞ்சுது. ஒரு கடையில பார்லி மிட்டாய் வாங்கினேன், 1638லேர்ந்து அந்த ஊரு கன்னியாஸ்திரிங்க செஞ்சதாம், அப்பாவுக்கு சர்க்கரை இருக்கு, ஆனாலும் ஒண்ணு கேட்டு வாங்கி வாயில போட்டுக்கிட்டார்.

அப்புறம் பாலத்த தாண்டி அந்த கரையில புல்லு மேல ஒரு மூணு மணி நேரம் உக்காந்துட்டேன். அங்கேர்ந்து பாத்தா பாலம், வாசல் கோபுரம், சர்ச் எல்லாம் ஒரே வரிசையில வருது, பாலத்து வளைவுக்கு கீழ தண்ணி வேகமா வந்து சின்ன சின்னதா வெள்ளையா நுரைக்குது, கொஞ்சம் தள்ளி வந்ததும் அப்படியே அடங்கி கண்ணாடி மாதிரி ஆயிடுது. மறுநாள் ஆர்சேல 1893 மொரே பாலம் படத்து முன்னாடி நிக்கும்போது அந்த இடத்துல பிரஷ்ஷு குட்டி குட்டியா குறுக்க ஓடறத பாத்தேன், கரை பக்கம் வந்ததும் கோடு நீளமாயிடுது. முதல் நாள் ஆத்த பாக்காம வந்திருந்தா நான் அதை கவனிச்சிருக்கவே மாட்டேன்.

கரையில உக்காந்துக்கிட்டே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஊர காட்டினேன், கோபுரத்த காட்டினேன், எல்லாத்துக்கும் சரி சரின்னார். "ஃபோன ஆட்டாம தண்ணிய மட்டும் காட்டுடா"ன்னார். காட்டினேன். ஒரு அஞ்சு நிமிஷம் எதுவும் பேசல, நான் லைன் கட் ஆயிடுச்சோன்னு பாத்தா அவர் கண்ணாடிய கழட்டி துடைச்சுக்கிட்டு இருந்தார். அப்புறம் "பாலத்து நிழல்ல கருப்பே இல்ல பாரு, ஊதாவும் பச்சையும்தான்"னார். நான் குனிஞ்சு பாத்தேன், அப்படித்தான் இருந்துச்சு.

ஃபோட்டோ எல்லாம் பெரிய சைஸா இருக்கு, சுருக்கி ஞாயித்துக்கிழமை போடறேன். பாரிஸ்காரன் அண்ணா, கல்லறைக்கும் போனேன், பூ கடை மூடியிருந்துச்சு, ஆத்தோரம் முளைச்சிருந்த மஞ்சப்பூ ரெண்டு பறிச்சு வச்சுட்டு வந்தேன்.